பழைய டேப் எக்கோ கிடார் சத்தத்தை இன்றைய எஃபெக்ட்ஸ் யூனிட்டில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: நான் கோத்தகிரி. அப்பா 1970-களில் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் கல்யாணக் கச்சேரி, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று கிடார் வாசித்தவர். ஷேடோஸ் என்ற ஆங்கிலக் கிடார் குழுவின் 'அப்பாச்சி'தான் அவருக்கு உயிர். என்னிடம் ஜூம் ஜி1 ஃபோர் என்ற எஃபெக்ட்ஸ் யூனிட் இருக்கிறது. அதில் டேப் எக்கோவைப் போட்டு வாசித்தால், "கிணத்துக்குள்ள கத்துற மாதிரி இருக்கு, அது இப்படி இருக்காது" என்கிறார். எங்கே தவறு? கோயம்புத்தூரில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய எக்கோபிளெக்ஸ் டேப் எக்கோ மெஷின் விற்கிறார். அதை வாங்கிவிடலாமா?

பதில்:

தம்பி, அப்பாவின் காது சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் யூனிட்டிலும் குறை இல்லை. நீங்கள் போட்டிருப்பது ஒரே ஒரு ஹெட் (டேப்பில் பதிந்த சத்தத்தை வாசிக்கும் காந்தமுனை) வைத்த டேப் எக்கோ மெஷினின் சாயல். அதையும் ஆம்புக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். கம்பெனியிலிருந்து வரும் பேட்ச்கள் (சேமித்து வைத்த எஃபெக்ட் அடுக்குகள்) பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்பா வாசித்த காலத்துச் சத்தமோ பல ஹெட்களிலிருந்து வந்து, கிடாரின் நேர்ச்சத்தத்தோடு சேர்ந்து ஆம்புக்குள் நுழைந்து, ஒன்றாக வெளியே வந்த சத்தம். இந்த இரண்டையும் சரிசெய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, தேய்மானம். அதுதான் நுணுக்கமான வேலை. குன்னூரில் இருபது வருடத்துக்கு மேல் ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப் என்று பிரித்துப் பூட்டியவன் நான். அதற்கு முன்னால் சில வருடம் மேடையிலும் வாசித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் நாப்களைத் திருப்பினால் கை போன போக்குதான்.

ஒரு ஐப்பசி மழையில் வெல்லிங்டன் பக்கமிருந்து ஒரு பெரியவர் வாட்கின்ஸ் காப்பிகேட் ஒன்றைச் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பல வருடம் பரணில் கிடந்தது. நம் ஊரின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழைதானே பெரிய மழை, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஈரம் பரண் வரை ஏறும். மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாசனை. உள்ளே கால் அங்குல அகலத்தில் பழுப்பு நிற டேப், முனையோடு முனை சாய்வாக வெட்டி ஒட்டப்பட்டு ஒரு வளையமாகக் கிடந்தது. அந்த வளையம் ஓடும் பாதையில் ஹெட்கள் வரிசையாக நிற்கும். பழையதை அழிப்பது ஒன்று, புதிதாகப் பதிவது ஒன்று, அதைத் தாண்டி வாசிப்பவை மூன்று. பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு முதல் ஹெட்டைத் துடைத்தேன். வெள்ளைப் பஞ்சு டிக்காஷன் நிறத்துக்கு மாறியது. டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு தூள் அது. ஐந்து ஹெட்டையும் துடைத்து, ரப்பர் உருளையைச் சுத்தம் செய்து, புது டேப்பில் ஒரு வளையம் வெட்டிப் போட்டு ஓடவிட்டு, கிடாரை மாட்டி ஒரே ஒரு ஸ்வரம் தட்டினேன். ஒரு தட்டுக்கு மூன்று பதில் வந்தது. மூன்றும் ஒரே மாதிரி இல்லை. இரண்டாவது ஹெட் கொஞ்சம் அதிகம் தேய்ந்திருந்ததால் நடுப் பதில் மங்கலாக இருந்தது. டேப்பின் ஒட்டு ஹெட்டைத் தாண்டும்போதெல்லாம் மெலிதாக ஒரு தடுமாற்றம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதாங்க" என்றார்.

நீங்கள் தேடுவதும் அதைத்தான்.

எக்கோ எவ்வளவு தாமதமாக வரும் என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: பதியும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தூரம், டேப் ஓடும் வேகம். தூரம் 2 அங்குலம், வேகம் விநாடிக்கு 7.5 அங்குலம் என்றால் 267 மில்லி செகண்ட். அதே தூரத்தில் வேகம் 15 அங்குலமானால் 133. மெம்ஃபிஸ் நகரத்தில் சன் ஸ்டுடியோவை நடத்திய சாம் பிலிப்ஸ், இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின்களை வைத்து 1950-களில் உண்டாக்கிய 'ஸ்லாப்பேக்' எக்கோ இந்தக் கணக்கில்தான் வருகிறது. பாடுவதையும் வாசிப்பதையும் ஒரு மெஷின் பதியும். இன்னொன்று நூற்றுச் சொச்சம் மில்லி செகண்ட் பின்தங்கி அதைத் திருப்பிக் கொடுக்கும். ரே பட்ஸ் என்பவர் அந்த வேலையை ஒரு கிடார் ஆம்புக்குள்ளேயே அடக்கி எக்கோசோனிக் என்று செய்து கொடுத்தார். கிடார் கலைஞர்கள் செட் அட்கின்ஸ், ஸ்காட்டி மூர் இருவரும் வைத்திருந்தது அதுதான்.

மேடைக்குத் தூக்கிப்போகிற தனிப்பெட்டிகள் அதற்குப் பிறகு வந்தன. லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-ல் காப்பிகேட்டைக் கொண்டுவந்தார். இத்தாலியில் மீயாட்சி எக்கோமேட்டிக், பின்சன் எக்கோரெக். பின்சனில் டேப்பே கிடையாது. சுழலும் உருளையைச் சுற்றிக் காந்தக் கம்பி இருக்கும், அதனால் அதன் சத்தம் இன்னும் நிதானம். அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ், அதில் ஹெட்டையே ஒரு தண்டவாளத்தில் நகர்த்தி நேரத்தை மாற்றலாம். 1974-ல் ஜப்பானின் ரோலண்ட், ஆர்.இ-201 ஸ்பேஸ் எக்கோவை வெளியிட்டது. அதில் வாசிக்கும் ஹெட் மூன்று, 12 நிலைகள் கொண்ட ஒரு திருகு, கூடவே ஸ்பிரிங் ரிவெர்ப் (பெரிய அறையில் எழும் முழக்கம் மாதிரி ஒன்று). டேப் சக்கரங்களில் சுற்றியிருக்காது, ஒரு தட்டையான அறைக்குள் தளர்வாகச் சுருண்டு கிடந்து ஓடும். ஷேடோஸின் கிடார் கலைஞர் ஹாங்க் மார்வின் 1960-ல் 'அப்பாச்சி'க்கு வைத்திருந்தது மீயாட்சி. பல ஹெட் உள்ள மெஷின் அது. உங்கள் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரே ஹெட் என்றால் எக்கோ கடிகாரம் மாதிரி வரும்: 300, 600, 900. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் சின்னதாக, அவ்வளவுதான். அதைக் கேட்கும் காது எண்ண ஆரம்பித்துவிடும். அப்பா கிணறு என்று சொல்வது அதைத்தான். இப்போது இரண்டு ஹெட் போடுங்கள். ஒன்று 100 மில்லி செகண்டில் வாசிக்கிறது, இன்னொன்று 300-ல். ரிபீட் நாபைத் திருப்பினால் இரண்டும் வாசித்தது மறுபடியும் பதியும் ஹெட்டுக்கே திரும்பிப் போகும். ஆக 100-ல் வந்த எக்கோ 200-லும் 400-லும் மீண்டும் கேட்கும். 300-ல் வந்தது 400-லும் 600-லும் கேட்கும். 200-ல் வந்தது 300-லும் 500-லும். கொஞ்ச நேரத்தில் தனித்தனி எக்கோ என்பதே போய், பின்னணியில் ஒரு நடை மட்டும் நிற்கும். குதிரைக் குளம்படி மாதிரி ஒரு துள்ளல். ஹெட்களுக்கு நடுவில் இடைவெளி சமமாக இல்லையென்றால் அந்தத் துள்ளல் இன்னும் அழகாக நொண்டும். வாசிப்பவர் நிறுத்தினாலும் தாளம் நிற்காமல் ஓடுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ரிவெர்ப் கூட்டினால் இது வராது. சின்னப் பையன்கள் பலர் அந்தக் குழிக்குள்தான் விழுகிறார்கள்.

இதை உங்கள் ஜூமில் எப்படிச் செய்வது? ஸ்பேஸ் எக்கோ மாதிரி பல ஹெட்டைத் தனித்தனியாகப் போட்டு எடுக்கும் வசதி சின்ன யூனிட்களில் அரிது. ஆனால் உங்கள் யூனிட்டில் ஒரே பேட்ச்சில் 5 எஃபெக்ட் வரை அடுக்கலாம். எனவே இரண்டு டிலேயை (சத்தத்தைத் தாமதித்து எக்கோ தரும் எஃபெக்ட்) ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். முதல் டிலே 125 மில்லி செகண்ட், ஃபீட்பேக் (எக்கோவைத் திரும்பத் திரும்ப வரச்செய்யும் நாப்) பூஜ்யம், அதாவது ஒரே ஒரு எக்கோ. இரண்டாவது டிலே 205, ஃபீட்பேக் கொஞ்சமாக. இப்போது என்ன கேட்கும்? முதலாவது கொடுப்பது 125-ல். இரண்டாவது கொடுப்பது 205-ல். முதலாவதின் எக்கோவும் இரண்டாவதுக்குள் நுழைவதால் 125-ம் 205-ம் சேர்ந்து 330-ல் ஒன்று. இரண்டு டிலேயை வைத்து மூன்று ஹெட்டை வாங்கிவிட்டோம். மூன்றாவது தானாகவே மற்ற இரண்டையும்விடச் சன்னமாகக் கேட்கும், அதுவும் நல்லதுதான். இரண்டாவது டிலேயின் ஃபீட்பேக் வழியாக 410-லும் 535-லும் மெல்லிய நிழல்கள் தொடரும். முதலாவதின் ஃபீட்பேக்கை மட்டும் திறக்காதீர்கள். திறந்தால் 125-ன் மடங்குகள் மேலே ஏறி, மெஷின்கன் ஆகிவிடும்.

125, 205 என்பது வேதவாக்கு இல்லை. என் காதுக்கு நன்றாகப் பட்ட எண்கள், அவ்வளவே. ஒன்று மற்றொன்றின் சரியான இரட்டிப்பாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் நொண்டல் வரும். 110, 220 என்று இரட்டிப்பாக வைத்தால் 110, 220, 330 என்று சீராக நடக்கும். மெதுவான பாட்டுக்கு இரண்டாவதை 260 வரை கூட்டிப் பாருங்கள். தாளத்துக்குத் தட்டி டிலே நேரத்தை வைக்கும் டாப் டெம்போ பட்டனைத் தொடவேண்டாம் என்பது என் கட்சி. காப்பிகேட் வைத்திருந்தவர் பாட்டுக்குப் பாட்டு மில்லி செகண்ட் கணக்குப் போடவில்லை. ஹெட் இருந்த இடத்தில் இருந்தது. அவர்தான் தன் கையை அதற்கு ஏற்றபடி ஓட்டினார். தாளத்தோடு சரியாகப் பூட்டிய எக்கோ, தாளத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் பிசகி நிற்கிற எக்கோதான் காதில் விழும்.

அடுத்தது வரிசை. அந்தக் காலத்தில் கிடார் வயர் எக்கோ பெட்டிக்குள் போகும், எக்கோ பெட்டியின் வயர் ஆம்புக்குள் போகும். ஆம்புக்குள் நடுவில் எஃபெக்டைச் செருகும் எஃபெக்ட்ஸ் லூப் என்றெல்லாம் கிடையாது. உங்கள் பேட்ச்சில் இரண்டு டிலேயையும் ஆம்ப் மாடலுக்கு முன்னால் நகர்த்துங்கள். ஆம்பை முழுக்கக் கிளீனாக இல்லாமல், அழுத்தி வாசித்தால் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு ஏற்றி வையுங்கள். இப்போது நேர்ச்சத்தமும் எக்கோவும் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டியிருப்பதால், நீங்கள் அழுத்தி அடிக்கும்போது ஆம்ப் நெருக்கப்பட்டு எக்கோ அமுங்கும். கையை எடுத்ததும் எக்கோ மேலே எழும். இந்த மூச்சு விடுகிற தன்மை டிலேயைக் கடைசியில் வைத்தால் வராது. ஐந்து நிமிட வேலை இது, தம்பி. வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினாலே வித்தியாசத்தைச் சொல்வார்.

இன்னொன்று. பழைய பெட்டிகள் எக்கோவை அணைத்தாலும் சத்தத்தை மாற்றின. உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் வழியாகத்தான் கிடார் கடந்தாக வேண்டும். எக்கோபிளெக்ஸ் இ.பி-3 மாடலின் ப்ரீஆம்புக்காகவே அதை ஓடாமல் மேடையில் வைத்திருந்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பகுதியை மட்டும் தனி பெடலாக விற்கிறார்கள். பின்சனில் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ வால்வு ஒன்று இருக்கும். பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கக் கண்சிமிட்டுமே, அதேதான். அழுத்தி அடித்தால் கண் மூடுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவுக்கு லெவல் வைப்பார்கள். அந்த இடத்தில்தான் காந்தப் பரப்பு நிறைந்து, ஸ்வரத்தின் முனை மழுங்கி உருண்டையாகும். உங்கள் யூனிட்டில் டிலேக்களுக்கு முன்னால் சத்தத்தை ஏற்றும் ஒரு மெல்லிய பூஸ்ட், அல்லது ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைப் போடுங்கள். கம்ப்ரஸரை ரொம்ப அழுத்தமாக வைக்காதீர்கள். பிக் படும் சத்தத்தின் கூர்மை கொஞ்சம் குறைந்தால் போதும்.

இப்போது தேய்மானம். உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது தேயிலை ஃபேக்டரியின் நீளச் சுவருக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில், 50 மீட்டர் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். நம் குளிருக்கு ஒலி விநாடிக்குச் சுமார் 337 மீட்டர் போகும். போய்த் திரும்ப 100 மீட்டர், அதாவது 300 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வருவது நீங்கள் தட்டிய சத்தமே அல்ல. விரல்கள் மோதும் அந்தச் 'சட்' போய், உள்ளங்கையின் 'தொப்' மட்டும் திரும்பும். டேப்பும் அதையேதான் செய்தது. ஒவ்வொரு தடவை பதிந்து வாசிக்கும்போதும் சத்தத்தின் மேல்பகுதி (கூர்மை) கொஞ்சம் கரையும், அடிப்பகுதியும் (கனம்) கொஞ்சம் குறையும், நடுப்பகுதி மட்டும் நிற்கும். மூன்றாவது ரிபீட்டில் அது கிடாராகவே இருக்காது, யாரோ தூரத்தில் முனகுவது மாதிரி இருக்கும். டிஜிட்டல் டிலே இந்தக் குறையைச் செய்யாது. ஐந்தாவது எக்கோவும் முதலாவது மாதிரியே பளிச்சென்று வந்து, நீங்கள் அடுத்து வாசிக்கும் ஸ்வரத்தின் மேல் ஏறி உட்காரும்.

அதனால் டிலேயின் உள்ளேயே இருக்கும் ஹை டாம்ப், டோன் மாதிரியான நாபைத் தேடிப் பிடியுங்கள். ஹை கட் என்று ஹெர்ட்ஸ் கணக்கில் கேட்டால் 3 கிலோ ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். லோ கட் இருந்தால் 150-லிருந்து 200 ஹெர்ட்ஸ். இந்த லோ கட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே மட்டும் வெட்டினால் எக்கோ கம்பளிக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கீழேயும் வெட்டினால்தான் அது பின்னால் தள்ளிப்போய் நிற்கும். தனியாக ஈ.க்யூ. போட்டு இதைச் செய்ய முயலவேண்டாம், அது நேர்ச்சத்தத்தையும் சேர்த்து வெட்டிவிடும். மிக்ஸைப் (எக்கோவின் அளவு) பொறுத்தவரை, முதல் எக்கோ நேர்ச்சத்தத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். ஃபீட்பேக்கை மூன்று ரிபீட்டில் மறைந்துபோகும் அளவுக்கு வையுங்கள். நான்காவது காதில் விழுந்தால் அதிகம்.

ஆட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. டேப் மெஷின் என்றதும் எல்லாரும் எக்கோவின் சுருதியை ஆட்டும் மாடுலேஷன் நாபைப் பாதி வரை திருப்பிவிடுகிறார்கள், எக்கோ கடல்நோய் வந்த மாதிரி தள்ளாடும். ஒழுங்காகப் பராமரித்த மெஷின் அப்படி ஆடாது. வேகம் 0.3 சதவீதம் ஆடினால் சுருதி ஒரு செமிடோனில் (அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டின் இடைவெளி) இருபதில் ஒரு பங்குதான் நகரும். விநாடிக்கு ஒரு தடவை வரும் மெதுவான ஆட்டத்தில் இதைக் கொண்டுவர, டிலே நேரம் முன்னும் பின்னும் அரை மில்லி செகண்ட் அசைந்தால் போதும். கோரஸ் எஃபெக்ட்கள் அசைப்பது இதைவிடப் பல மடங்கு. எனவே மாடுலேஷன் இருந்தால், கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

அதோடு, இந்த ஆட்டம் எல்லா ஹெட்டிலும் ஒரே அளவில் கேட்காது. பதியும்போது டேப் ஒரு வேகத்திலும் வாசிக்கும்போது வேறு வேகத்திலும் ஓடினால்தான் சுருதி பிசகும். பக்கத்து ஹெட்டுக்கு நூறு மில்லி செகண்டில் போய்ச் சேரும்போது வேகம் பெரிதாக மாறியிருக்காது, அதனால் அந்த எக்கோ உறுதியாக நிற்கும். தூரத்து ஹெட்டுக்கும் அடுத்தடுத்த ரிபீட்களுக்கும்தான் தள்ளாட்டம் கூடும். ஆகவே உங்கள் முதல் டிலேயில், அந்த 125-ல், மாடுலேஷன் துளியும் வேண்டாம். டேப் எக்கோ என்று பெயருள்ள எஃபெக்டை இரண்டாவது இடத்துக்கு வைத்துக்கொண்டு, முதல் இடத்துக்குச் சாதாரண டிலேயைப் போடுங்கள்.

கோயம்புத்தூர் எக்கோபிளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கவேண்டாம். மெஷின் மேல் எனக்கு மரியாதை குறைவு என்பதால் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. எக்கோபிளெக்ஸின் மோட்டார் நேராக ஏ.சி. கரண்டில் ஓடுவது, வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட் கொடுக்கலாம், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 300 மில்லி செகண்ட் 360 ஆகும். டேப் மெதுவானதால் மேல்பகுதி இன்னும் மங்கும். மோட்டார் சூடும் கூடும். இதே காரணத்தால் நம் ஊருக்கு ஆர்.இ-201 மாதிரி டி.சி. மோட்டார் வைத்த மெஷின்கள் ஒத்துப்போகும். ஆனால் அதிலும் டேப், ஃபெல்ட், ரப்பர் எல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோத்தகிரி ஈரத்தில் ரப்பர் பிசுபிசுத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன், விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. ஹெட் தேய்ந்துவிட்டால் மாற்று ஹெட் தேடி அலைய வேண்டும். என்னிடமே ஒருவர் "எல்லாம் கண்டிஷன்" என்று சொல்லி ஒரு மெஷினை விற்றார். வீட்டில் வந்து திறந்தால் ஹெட்டின் முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அந்தப் பணத்தில் நல்ல கிடாரே வாங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஊட்டியில் இப்போது மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த டேப்தான் நினைவுக்கு வரும். மெல்லிய சுருளின் மேல் ஒரே சீராக ஒரு பூச்சு பூசுகிற கைவேலை இரண்டுக்கும் பொது. ஒன்று ஒளியைப் பிடித்தது, மற்றது ஒலியை. நம் மலையில் தூசி குறைவு, குளிர் அதிகம் என்றுதான் ஃபிலிம் கம்பெனியை இங்கே வைத்தார்கள். பூச்சில் ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் தெரியும். டேப்பில் விழுந்தால் எக்கோவில் ஒரு கணம் சத்தம் விட்டுப்போகும்.

பணம் இருக்கிறது, புதிதாக ஏதாவது வாங்கியே தீருவேன் என்றால், பாஸ் ஆர்.இ-202 ஸ்பேஸ் எக்கோவின் நேர் வாரிசு. பல ஹெட் நிலைகள் அதில் திருகிலேயே கிடைக்கும், மேலே சொன்ன இரட்டை டிலே வித்தை தேவைப்படாது. ஸ்ட்ரைமன் எல் காப்பிஸ்டானில் டேப் எவ்வளவு பழையது, எவ்வளவு ஆடுகிறது என்பதற்கே தனித்தனி நாப் உண்டு. தேய்மானத்தை இதைவிட நுணுக்கமாகத் தரும் பெடலை நான் வாசித்ததில்லை. கேட்டலின்பிரெட் நிறுவனம் பின்சன் சாயலில் எக்கோரெக் என்றே ஒரு பெடல் செய்கிறது, ஷேடோஸ் ரசிகர்களுக்குப் பிடிக்கும். பாஸ் டி.எம்-2 மாதிரியான அனலாக் டிலேக்களை டேப் எக்கோ என்று சொல்லி விற்பார்கள். அதில் ஓடுவது டேப் அல்ல, சிப். மங்கலான இனிமை உண்டு, ஆனால் ஹெட் ஒன்றுதான், துள்ளல் வராது. எதுவானாலும், உங்களிடம் இருப்பதை வைத்து ஒரு மாதம் பழகாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கடைசியாகக் கை. எக்கோ போட்டுக்கொண்டு வாசிக்கும் கை வேறு. பிரிட்ஜ் பிக்கப்பை எடுங்கள், கம்பி கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், 9 நம்பர் கம்பி செட்டை விட்டு 11-க்கு மாறுங்கள். ஸ்வரங்களைக் குறையுங்கள். ஒரு வரி வாசித்துவிட்டு இடம் விடுங்கள், எக்கோ அந்த இடத்தை நிரப்பட்டும். அடுத்த வரியை எக்கோ முழுதாக அடங்குவதற்கு முன்னால் தொடங்குங்கள். வலது உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் லேசாகப் படியவைத்து ஸ்வரத்தின் வாலை வெட்டினால் ஹெட்களின் நடை தெளிவாகக் கேட்கும். நீளமாக இழுத்தால் எல்லாம் கலந்து குழம்பும். சர்ச்சில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஃபீட்பேக்கையும் மிக்ஸையும் வீட்டில் வைத்ததைவிடக் குறையுங்கள். உயரமான கூரையுள்ள நம் பழைய சர்ச்சுகள் தாங்களாகவே ஒரு எக்கோ கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் கிணறு திரும்பி வந்துவிடும்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் குழுவில் இருந்த பெட்டியில் ஹெட்டுக்கு ஒன்றாக மூன்று பட்டன் இருந்ததா, பச்சைக் கண் ஒளிர்ந்ததா, அல்லது ஹெட்டை இழுத்து நகர்த்தும் பிடி இருந்ததா? மூன்று பட்டன் என்றால் நான் கொடுத்த 125, 205 அப்படியே இருக்கட்டும். பச்சைக் கண் என்றால் மாடுலேஷனை முழுக்க அணைத்துவிட்டு 150, 225 என்று மாற்றிப் பாருங்கள். இழுக்கும் பிடி என்றால் முதல் டிலேயை எடுத்துவிட்டு, ஒரே டிலேயை 300 பக்கம் வைத்து, முன்னால் இருக்கும் பூஸ்ட்டை ஒரு படி ஏற்றுங்கள். பக்கத்து அறையிலிருந்து, எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல் வாசியுங்கள். அவர் எழுந்து வந்து கதவருகே நின்றால், அந்தப் பேட்ச்சை உடனே சேவ் செய்துவிடுங்கள்.